இத்தாலிய மொழியில் 'எனக்குப் பிடிக்கும்': கேள்வி பதில்

கேள்வி: 'நான் விரும்புகிறேன்' என்பதற்கு 'இயோ பியாச்சோ' என்று எழுதினேன். டீச்சர் அடித்துவிட்டார். என்ன தப்பு?

பதில்: நீங்கள் எழுதியதற்கு 'என்னைப் பிறருக்குப் பிடிக்கும்' என்று அர்த்தம். 'நான் விரும்புகிறேன்' என்பதையே மறந்துவிடுங்கள். வீட்டில் எப்படிச் சொல்வோம்? 'எனக்குக் காபி பிடிக்கும்.' இத்தாலியர்களும் அப்படித்தான்: 'மி பியாச்சே இல் கஃபே'. மி என்றால் எனக்கு, தி என்றால் உனக்கு, லே என்றால் அவளுக்கு. மரியாவுக்கு என்றால் 'ஆ மரியா'. ஆங்கிலம் வழியாக இதைப் படிப்பவர்கள்தான் திண்டாடுவார்கள். நமக்கு நான்காம் வேற்றுமை பிறந்த வீட்டுச் சொத்து.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நம் 'பிடிக்கும்' ஒன்றுக்கும் பலவற்றுக்கும் மாறாது, அவர்களுடையது மாறும். ஆலிவ் காய்கள் பிடிக்கும் என்றால் 'மி பியாச்சொனோ லே ஒலீவே'. ஆனால் சமைப்பது, படிப்பது என்று செயல்களை எத்தனை அடுக்கினாலும் பியாச்சேதான்.

கேள்வி: அக்கா, நான் பலெர்மோவுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. சாப்பிட்டுவிட்டு 'பிடித்திருந்தது' என்று சொல்லத் தடுமாறுகிறேன்.

பதில்: இதைப் படிக்க உங்கள் ஊரைவிட நல்ல இடம் கிடையாது, தம்பி. சோற்றை உருட்டி, உள்ளே இறைச்சியும் பட்டாணியும் வைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொன்னிறமாகப் பொரித்துத் தருவார்களே, அதற்குப் பலெர்மோவில் அரஞ்சீனா என்று பெயர், பெண்பால். அதனால் 'மி எ பியாச்சூத்தா'. அதே சிசிலித் தீவில் இருக்கும் கத்தானியா நகருக்குப் போனால் அது அரஞ்சீனோ, ஆண்பால். அங்கே 'மி எ பியாச்சூத்தோ'. இறந்தகாலத்தில் இந்த வினை, பிடித்த பொருளின் பாலைப் பார்த்துத்தான் முடியும். அப்புறம், கடையில் கேட்கும்போது 'எனக்கு வேண்டும்' என்று நேரடியாகச் சொல்லும் 'வோல்யோ'வைத் தவிருங்கள், அதட்டுவது போல இருக்கும். அதையே பணிவாகக் கேட்கும் 'வொர்ரேய்' என்று தொடங்குங்கள்.

கேள்வி: பிடிக்கவில்லை என்பதற்கு 'மி திஸ்பியாச்சே' சரியா?

பதில்: இல்லை. அது 'மன்னிக்கவும்'. பிடிக்காததற்கு 'நோன் மி பியாச்சே'.

கேள்வி: காபியைவிட டீதான் பிடிக்கும் என்று எப்படிச் சொல்வது?

பதில்: 'ப்ரெஃபெரிஸ்கோ இல் தே அல் கஃபே'. இங்கே 'எனக்கு' கிடையாது, 'நான்'தான் எழுவாய்.

கேள்வி: கூடப் படிக்கும் ஒருவர் 'மி பியாச்சி' என்று எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். நட்பாகத்தானே?

பதில்: நட்புக்கு அதை யாரும் சொல்ல மாட்டார்கள். 'எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு' என்று நம் ஊரில் ஒருவர் தனியாக வந்து சொன்னால் என்ன அர்த்தமோ, அதேதான். யோசித்துப் பதில் போடுங்கள். தோழியிடமும் அம்மாவிடமும் பாசத்தைச் சொல்ல 'தி வோல்யோ பேனே' இருக்கிறது.