மையர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமைச் சோதனை தரும் வகைகளில் ஒன்றான ஐ.எஸ்.டி.ஜே.க்கு (ISTJ) முதன்மைச் செயல்பாடு, அதாவது மனசு முதலில் நாடும் வழி, சிந்தனையா?

சிந்தனை இல்லை தம்பி, உள்முகப் புலனுணர்வு, அதாவது கண்டு அனுபவித்ததை மனசுக்குள் ஒப்பிட்டுப் பார்ப்பது. கடைசியில் ‘ஜே’ (தீர்மானித்தல்) இருப்பதால் சிந்தனைதான் முதன்மை என்று எடுத்துக்கொண்டீர்கள், குழப்பம் அங்கேதான். அந்த எழுத்து, வெளியுலகோடு எந்தச் செயல்பாட்டைக் கொண்டு பழகுகிறீர்கள் என்பதைக் காட்டுகிறது. வெளிமுகக்காரருக்கு அதுவே முதன்மை. உள்முகக்காரருக்கு அது இரண்டாவதுதான், முதன்மையானது வீட்டுப் பெரியவர் மாதிரி உள்ளேயே இருக்கும். (உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் எழுதியதில் இந்த எழுத்தே கிடையாது, இந்தச் சோதனையை உருவாக்கிய பிரிக்ஸும் மையர்ஸும் பின்னால் சேர்த்தது.)

ராமேசுவரம் பக்கத்து மண்டபத்தில் அப்பாவின் படகுக் கணக்கைப் பார்ப்பதாகச் சொன்னீர்களே, ஏலத்தில் நண்டு விலை சட்டென்று விழுந்தால் மனசு முதலில் எங்கே போகிறது? ‘போன கச்சான் காற்றுச் சமயத்திலும் இப்படித்தான், ஐஸ் போட்டு ஒரு நாள் வைத்தோம்’ என்று பழைய நோட்டைப் புரட்டினால் புலனுணர்வு. உடனே வியாபாரியிடம் எடை, தரம் என்று நியாயம் பேசக் கிளம்பினால் வெளிமுகச் சிந்தனை. அப்போது நீங்கள் அதை முதன்மையாகக் கொண்ட இ.எஸ்.டி.ஜே. (ESTJ) வகையாகவும் இருக்கலாம். மனசு எங்கே போகிறது என்று பத்து நாள் குறித்து வையுங்கள், ஒரு நாளை நம்பாதீர்கள்.

‘என் திறமைக்கு எல்லை இதுதானா’ என்றால், இல்லை. இது விருப்பத்தைச் சொல்லும், திறனை அளக்காது. சோதனையை மறுபடி எழுதினால் எழுத்து மாறுவதும் சகஜம். இதை நம்பிப் படகை விற்கும் முடிவெல்லாம் வேண்டாம். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் இருக்கிறது, அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள்.