போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு) வேலை: வாசகர் கேள்விகள்

கேள்வி: முப்பது பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியும் ஒருவர்கூடப் பதில் போடவில்லையே?

பதில்: பெயரை மட்டும் மாற்றிய கடிதம் முதல் வரியிலேயே பல்லிளித்துவிடும். பத்து வரி போதும். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் விடுபட்ட கேள்வி எது, அதற்கு உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். 'மூலக்கூறு உயிரியல் தெரியும்' என்பது யாரும் சொல்வது. 'கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மாதிரி தயாரித்து, தரவையும் நானே அலசுவேன்' என்றால் நிமிர்ந்து பார்ப்பார். பரிந்துரைப்பவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்; அவர்கள் கடிதம் தாமதமானால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும்.

கேள்வி: 'ஆள் வேண்டும், பணம் இல்லை' என்கிறாரே பேராசிரியர்?

பதில்: நல்ல சகுனம்தான்! அவரையே வழிகாட்டியாக வைத்து நல்கைக்கு, அதாவது ஆய்வு உதவித்தொகைக்கு, நீங்களே விண்ணப்பியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி நல்கையில் பலர் வழுக்கும் இடம் இது: கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், போகப்போகும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. திட்ட வரைவை இருவரும் சேர்ந்து திருத்த மூன்று மாதமாவது ஒதுக்குங்கள்.