மாத்திரையும் மூட்டுவலியும்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 58 வயது, பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். இடது மார்பில் புற்றுநோய் வந்து ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது நோய் திரும்பாமல் இருக்கத் தினமும் ஒரு லெட்ரசோல் மாத்திரை. மூன்றாம் மாதத்திலிருந்து விரல், மணிக்கட்டு, முட்டி எல்லாம் வலி. காலையில் பற்பசை மூடியைக்கூடத் திருக முடியவில்லை. வீட்டில் ‘வயசாச்சு, வாயு’ என்கிறார்கள். யாரிடமும் சொல்லாமல் இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன், வலி குறைந்தது. தங்கை பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மூட்டுவலி மாத்திரையைத் தந்திருக்கிறாள், நன்றாகக் கேட்கிறதாம். லெட்ரசோலைத் தொடரத்தான் வேண்டுமா? தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏற முடியுமா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பாசார் மாலாம் மாத்திரை. அதைத் தொடாதீர்கள். இப்படி விற்கும் மூட்டுவலி மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிடும், அதனால்தான் ‘நன்றாகக் கேட்கிறது’. சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். லெட்ரசோலே எலும்பைத் தேய்க்கும் மருந்து. இது வேறு எதற்கு? தங்கை ஏற்கெனவே பல நாளாகச் சாப்பிட்டிருந்தால் அவரும் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டட்டும்.

அப்புறம், உங்கள் வலி வாயு இல்லை. மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்பிலும் தசையிலும் உள்ள அரோமடேஸ் என்ற நொதி கொஞ்சம் ஈஸ்ட்ரஜனைச் செய்துகொண்டே இருக்கும். உங்களுக்கு வந்த வகைப் புற்றுநோய்க்கு அதுதான் தீனி. லெட்ரசோல் அந்த நொதியை முடக்குகிறது. ஈஸ்ட்ரஜன் வற்றினால் மூட்டு முறுக்கிக்கொள்கிறது. இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வருவதுதான். நானும் சாப்பிட்டவள், அந்த மூடியை எனக்கும் தெரியும்.

நிறுத்திப் பார்த்ததற்காகத் திட்டமாட்டேன். டாக்டர்களே இரண்டு மூன்று வாரம் நிறுத்தச் சொல்வதுண்டு. ஆனால் அதன்பின் இதே வகையைச் சேர்ந்த அனஸ்ட்ரசோலுக்கோ எக்ஸமஸ்டேனுக்கோ மாற்றிப் பார்ப்பார்கள். ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்கிறது. அதுவும் சரிவராவிட்டால் வேறு வகை மாத்திரையான தமொக்சிபென் இருக்கிறது. நீங்கள் சொல்லாமல் நிறுத்தியதால் இந்த வழியெல்லாம் அடைபட்டுப் போகிறது. நோய் திரும்பாமல் இருக்கத்தானே ஐந்து வருடம் சாப்பிடச் சொல்கிறார்கள். நம் பெண்கள் டாக்டர் அறையில் ‘ஓகே டாக்டர், பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டு, மருந்து வாங்கும் வரிசையில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் முழுக்கதையும் சொல்வார்கள். அந்தக் கதையை உள்ளே சொல்லுங்கள். அடுத்த தவணைவரை காத்திராமல் இந்த வாரமே போன் செய்யுங்கள்.

வலிக்கு நான் நம்புவது நடை. 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இதே வகை மாத்திரையால் மூட்டு வலித்த 121 பெண்களில் ஒரு பகுதியினரை வாரம் 150 நிமிடம் நடை போன்ற பயிற்சியும், இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் செய்ய வைத்தார்கள். ஓராண்டில் அவர்களுடைய கடும்வலி சுமார் 30 விழுக்காடு குறைந்தது. முழுக்கப் போகவில்லை, கவனியுங்கள். தாவரவியல் பூங்காவில் காலையில் நடக்கும்போது முதல் பத்து நிமிடம் முட்டி ஒவ்வோர் அடிக்கும் முனகும். குரங்குக் கூட்டத்தைத் தாண்டிய பிறகுதான் இளகும். அந்தப் பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். கை எடைக்குத் தண்ணீர் போத்தல் போதும். அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையென்றால் பிசியோவிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்டினால் பற்பசை மூடி வழிக்கு வரும்.

அக்குபங்சர் சிலருக்கு உதவுகிறது. உங்கள் பக்கத்திலேயே, கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையில், 2007 முதல் பாரம்பரிய மருத்துவப் பிரிவு இருக்கிறது. புற்றுநோய் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். டுலொக்ஸடின் எழுதிக்கொடுத்தால், ‘மனச்சோர்வு மாத்திரையாச்சே’ என்று பயப்படாதீர்கள், இந்த வலிக்கும் அது கேட்கும். எலும்பு அடர்த்திப் பரிசோதனையையும் கேளுங்கள். முதுகிலோ இடுப்பிலோ ஒரே இடத்தில் ராத்திரியும் விடாமல் வலித்தால் அது வேறு விஷயம், உடனே காட்ட வேண்டும்.

தண்ணீர்மலைக்கு வருவோம். 513 படி. ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் படுத்தும். தைப்பூசத்தன்று கூட்டத்தில் வேண்டாம், நிற்கவும் இடமிருக்காது. நடை பழகிய பிறகு, ஏதாவது ஒரு சாதாரண வாரநாள் காலையில், தங்கையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.