70,000 ரூபாய் பட்ஜெட்டில் குதிரை: நேரில் போய்ப் பார்க்கலாமா?

கேள்வி: கோபி பக்கம் 3 ஏக்கர் தோட்டம், இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறேன். 14 வயதுப் பையனுக்குக் குதிரை மேல் ஆசை. எல்லாச் செலவுக்கும் சேர்த்து 70,000 ரூபாய்தான் எடுத்து வைத்திருக்கிறேன். சேலத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர், ‘கத்தியவார் இனப் பெட்டை, 5 வயது, 56 இஞ்ச் உயரம், 4 மாதச் சினை, சுழி சுத்தம்’ என்று 65,000 சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் 5,000 அச்சாரம் அனுப்பாவிட்டால் கைமாறிவிடுமாம். போய்ப் பார்க்கலாமா?

பதில்: இந்த ஞாயிறு போக வேண்டாம். அச்சாரமும் அனுப்பாதீர்கள். ‘பார்க்கத்தானே போகிறோம்’ என்று பையனையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவது அபூர்வம். முக்கால்வாசி முடிவைப் போனிலேயே எடுத்துவிட வேண்டும்.

முதலில் பணம். கையில் 70,000 என்றால் குதிரைக்குக் கொடுக்க முடிந்தது 40,000 அல்லது 45,000தான். வண்டி வாடகை, டாக்டர், சேணம், கடிவாளம், தடுப்பூசி, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவி லாடம் அடிக்கிற கூலி எல்லாம் மிச்சத்தில்தான் வர வேண்டும். அதற்கு மேல் தீவனம். 300 கிலோ எடையுள்ள குதிரைக்குத் தினம் 6 கிலோ அளவுக்கு உலர்ந்த புல், ஒன்றரைக் கிலோ ஊறவைத்த கொள்ளு, ஒரு கிலோ கோதுமைத் தவிடு என்று வைத்து, உங்கள் ஊர் விலையில் ஒரு வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்.

மாட்டுக்குப் போடுகிற கோ-4 புல்லையே போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்திருப்பீர்கள். அது சரிப்படாது. நேப்பியர் வகைப் புல்லில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாதக்கணக்கில் அதையே தின்றால் முக எலும்பு வீங்கி, நொண்ட ஆரம்பித்துவிடும். தோட்டத்தில் கோழித் தீவன மூட்டை இருந்தால் குதிரைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். அதில் கலக்கிற மொனென்சின் போன்ற மருந்து குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும்.

இனி அவர் சொன்னவற்றுக்கு வருவோம். ‘5 வயது’ என்கிறாரே, உதட்டை விலக்கி முன்பற்களை நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குதிரைக்கு 5 வயதில் மேலும் கீழுமாகப் பன்னிரண்டு முன்பல்லும் விழுந்து முளைத்து, பக்கவாட்டில் பார்த்தால் கிட்டத்தட்ட நேராகப் பொருந்தி நிற்கும். வயது ஏற ஏறப் பல் முன்னால் சாயும். மேல்தாடை ஓரப்பல்லில், ஈறிலிருந்து ஒரு பழுப்புக் கோடு இறங்கியிருந்தால் பத்து வயதைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். கோடு பல்லின் பாதி வரை வந்திருந்தால் பதினைந்து. படம் அனுப்ப மறுத்தாலே விஷயம் முடிந்தது.

‘4 மாதச் சினை’ என்பதற்கு டாக்டர் பரிசோதித்து எழுதிக் கொடுத்த சீட்டு இல்லையென்றால் ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தராதீர்கள். உண்மையாகவே சினை என்றாலும் உங்களுக்கு அது கூடுதல் செலவுதான். குதிரைக்குச் சினைக்காலம் 11 மாதம். சினை முற்றிய மாதங்களிலும், குட்டி போட்டுப் பால் கொடுக்கும் காலத்திலும் பையன் ஏறிப் பழக முடியாது.

‘சுழி சுத்தம்’ பற்றி ஒரு வார்த்தை. உடம்பில் மயிர் சுழன்று நிற்கும் இடம்தான் சுழி; அது இருக்கும் இடத்தை வைத்து ராசி பார்ப்பார்கள். சுழிக்கும் குதிரையின் உடல்நலத்துக்கும் சம்பந்தமில்லை, ஆனால் விலைக்குச் சம்பந்தம் உண்டு. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசும்போது, சுழி சரியில்லை என்றாலே விலை இறங்கிவிடும். உங்கள் வீட்டில் சுழி பார்க்க மாட்டார்கள் என்றால், நல்ல காலும் சாந்த குணமும் உள்ள ‘சுழி குறை’ குதிரை உங்கள் பணத்துக்குள் கிடைக்கும். திருப்பி விற்கும்போது நீங்களும் இறக்கித்தான் விற்க வேண்டும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

கடைசியாக வீடியோ. மண்ணில் ஓடுகிற ஓட்டமும் பாட்டுப் போட்ட ஆட்டமும் உங்களுக்கு எதையும் சொல்லாது. தார் ரோட்டில், கயிறு தளர்வாக, ஆள் ஏறாமல் துள்ளு நடையில் வரட்டும். எதிரிலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தலை ஒவ்வொரு அடிக்கும் மேலும் கீழும் ஆடினால் முன்னங்காலில் வலி. தலை மேலே எழும்போது ஊன்றுகிற கால்தான் நோவுள்ள கால். கூடவே நான்கு குளம்பையும் தூக்கிக் காட்டட்டும். குளம்பைத் தூக்கவிடாத குதிரை சின்னப் பையனுக்கு ஆகாது.

பல்லும் நடையும் சரியாக இருந்து, விலையும் 45,000க்குள் இறங்கி வந்தால் கிளம்புங்கள். பையன் வீட்டிலேயே இருக்கட்டும். குதிரை பார்க்கத் தெரிந்த ஒரு கால்நடை மருத்துவரைக் கூட்டிப் போங்கள். நீங்கள் வந்து சேரும் வரை குதிரையைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நடக்கவைத்துச் சூடேற்றினால் லேசான நொண்டல் மறைந்துவிடும். பிடித்துப்போனாலும் அன்றே ஏற்றி வராதீர்கள். அரசு கால்நடை மருத்துவமனை மூலம் ரத்தம் எடுத்து கிளாண்டர்ஸ் பரிசோதனைக்கு அனுப்புங்கள். மனிதருக்கும் தொற்றும் நோய் அது; உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலைதான் செய்வார்கள். முடிவு வந்த பிறகே மீதிப் பணம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அச்சாரத்தை அப்போது கொடுங்கள்.