மோட்டாரை நிறுத்திவிட்டு வழக்குப் போடலாமா?

கேள்வி: தொண்டிப் பக்கம் ஒரு தங்கும் விடுதிக்கு நிலத்தடித் தொட்டி கட்ட, மொத்தத் தொகை பேசி ஒப்புக்கொண்டேன். வைகாசியில் எட்டடியில் தண்ணீர். ஒரு மோட்டார் நாலு நாள் ஓடினால் போதும் என்று கணக்குப் போட்டேன். ஐப்பசியில் தோண்டினால் நாலடியிலேயே ஊற்று. மூன்று டீசல் மோட்டார் இரவு பகலாக ஓடுகிறது. அடித்தளம் போட்டாச்சு, சுவர் பாதி. விடுதி உரிமையாளர் எங்கள் உறவுக்காரர்தான், கூடுதல் பணம் கேட்டால் ஊரார் முன்னால் ஏசுகிறார். மனைவி நகையை அடகு வைத்து டீசல் ஊற்றுகிறேன். நிறுத்திவிட்டு வழக்குப் போடலாமா?

பதில்: ஏசியதையும் நகையையும் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலில் ‘தண்ணீர் இறைப்பு உட்பட’ என்று இருக்கிறது. வழக்கு அந்த மூன்று சொல்லில்தான் நிற்கிறது, அது உங்களுக்கு எதிராக இருக்கிறது. செலவு கூடியதால் மட்டும் ஒப்பந்தச் சட்டம் 56ஆம் பிரிவு யாரையும் விடுவிக்காது. 1960இல் அலோபி பர்ஷாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதான். வடகிழக்குப் பருவமழையில் இந்தக் கரையோரம் நீர்மட்டம் ஏறுவது எதிர்பாராதது என்று எந்த நீதிபதியும் ஏற்க மாட்டார். குழியில் நிற்கும் தண்ணீரை மட்டும் கணக்கிட்டிருக்கிறீர்கள். மணல் பூமியில் ஊறி வருகிற தண்ணீர்தான் கணக்கு. சோதனைக் குழி வெட்டி ஒரு நாள் இறைத்துப் பார்த்து, மோட்டார் ஓடும் மணிக்கு ரேட் பேசியிருக்க வேண்டும்.

நான் பயப்படுவது நீங்கள் அடுத்துச் செய்யப்போவதை நினைத்துத்தான். கோபத்தில் மோட்டாரை அணைத்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். சுற்றி மண் நிரப்பாத காலித் தொட்டி, தண்ணீர் ஏறினால் அடியோடு மிதக்கும், அடித்தளம் வெடிக்கும். அதுவரை செலவு கூடிப்போன காண்ட்ராக்டர் நீங்கள். அதன்பின் ஒப்பந்தம் மீறியவர். உடைத்து மறுபடி கட்டும் செலவை அதே ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவில் நஷ்டஈடாக உங்களிடமே கேட்பார்கள்.

இன்னொன்றை இன்றே பாருங்கள். மோட்டார் கக்கும் தண்ணீர் தெளிவாக வருகிறதா, மணலோடு வருகிறதா? தன் நிலத்தடி நீரை எடுத்தவருக்கு 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் 7ஆம் பிரிவைக் காட்டி வாதாட இடமுண்டு. பக்கத்து வீட்டின் அடிமண்ணை உருவியவருக்கு இல்லை. 20 ஆண்டாகத் தடையின்றி நிற்கிற வீடு என்றால், பக்கத்து மண் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்ற உரிமையே அதற்கு 15ஆம் பிரிவில் வந்துவிடும். அந்தச் சுவரில் விரிசல் விட்டால் உரிமையாளரோடு நீங்களும் பிரதிவாதி. வடிகட்டி இல்லையென்றால் உடனே போடுங்கள். பக்கத்துச் சுவர்களைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

சமரசம் பேசுங்கள் என்பதே என் ஆலோசனை. லாபத்தை விடுங்கள், இன்றிலிருந்து ஆகும் டீசலும் ஆப்பரேட்டர் கூலியும் மட்டும் கேளுங்கள். தொட்டி மிதந்தால் தனக்கும் சீசன் போகும் என்பது அவருக்குத் தெரியும், இறங்கி வருவார். பழைய ஒப்பந்தத்தோடு சேர்த்து இதற்கென ஒரு துணை ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். உறவுக்காரர் என்று வாய்வார்த்தையோடு விடாதீர்கள். மோட்டார் ஓடிய மணியை எழுதி, தினமும் அவருடைய இன்ஜினீயரிடம் கையெழுத்து வாங்குங்கள். அவர் மறுத்தாலும் மண் நிரப்பும்வரை மோட்டார் ஓடட்டும். நோட்டீஸை அப்புறம் பார்க்கலாம், வழக்குப் போட 3 ஆண்டு இருக்கிறது.