தூளிக்குள்ளும் வெயில் உண்டு

கேள்வி: எனக்கு ஐந்து மாதப் பெண் குழந்தையும் நான்கு வயது மகனும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அக்னி நட்சத்திரம் தொடங்கியதிலிருந்து பாப்பாவை வாசல் பக்கம்கூடக் கொண்டுபோவதில்லை. ஆனாலும் மதியம் தூளியிலிருந்து எடுக்கும்போது தலை நனைந்து, உடம்பு சுடுகிறது, கழுத்தெல்லாம் வேர்க்குரு. தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார் மாமியார். மகனோ வெயிலில்தான் விளையாடுகிறான். என்ன செய்யலாம், டாக்டர்?
- வாசகி, வேலூர்

பதில்: பாப்பா மேல் வெயில் படவில்லை என்பது உண்மைதான், ஆனால் கூரை பகல் முழுவதும் வாங்கிய வெயிலை வீட்டுக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறது. போதாததற்குத் தூளிச் சேலை இருபுறமும் மூடிக்கொள்வதால், குழந்தையின் உடற்சூடும் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடுகிறது. அதுவும் பாலியஸ்டர் சேலையாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பகலில், வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் கோரைப்பாய் விரித்து, மெல்லிய பருத்திச் சட்டையோடு மல்லாக்கப் படுக்க வையுங்கள். கூரைமேல் தென்னங்கீற்றைப் பரப்பினாலும் வெள்ளையடித்தாலும் சூடு குறையும். காற்றாட அரை மணி நேரம் கிடத்திய பிறகும் தெர்மாமீட்டர் 100.4 டிகிரிக்குக் குறையாமல் காட்டினால், அதைக் காய்ச்சலாகவே கருதி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மாமியாரின் அக்கறை புரிகிறது. ஆனாலும் ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலின் பெரும்பகுதி நீர்தான் என்பதால், வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுத்தாலே தாகம் அடங்கும். நீங்கள்தான் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீர் போவது குறைந்தாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வேர்க்குருவுக்குப் பவுடரை அப்பாதீர்கள். அது வியர்வைத் துவாரங்களை மேலும் அடைப்பதோடு, மூச்சிலும் ஏறும். சாதாரணத் தண்ணீரில் குளிப்பாட்டி, கழுத்து மடிப்புகளை ஒற்றித் துடைத்தாலே போதும்.

மகனைக் காலை 10 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் விளையாட விடுங்கள். அகல விளிம்புத் தொப்பியும் தளர்வான பருத்தி முழுக்கைச் சட்டையும் வெயில் தடுப்பு கிரீமைவிட (சன்ஸ்கிரீன்) முக்கியம் என்பது என் கருத்து. நீண்ட நேரம் வெளியே இருக்க நேர்ந்தால் எஸ்பிஎஃப் (வெயில் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைத் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் தடவலாம். (பாப்பாவுக்கு இப்போது அது வேண்டாம், நிழலே போதும்.) பூங்காவின் இரும்புச் சறுக்குமரத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்காமல் ஏற விடாதீர்கள். மதிய வேளையில் கோயில் பிராகாரத்தின் கல்தளத்திலும் வெறுங்காலோடு நடக்க விடாமல் தூக்கிக்கொள்ளுங்கள். விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைகளுக்குத் தாகம் தெரியாது. கேட்கட்டும் என்று காத்திராமல் தண்ணீரோ உப்பிட்ட நீர்மோரோ இடையிடையே கொடுங்கள்.

நிறுத்திய காரில், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கூட, குழந்தையைத் தனியே விடக் கூடாது. சில நிமிடங்களிலேயே உள்ளே அனல் ஏறிவிடும்.

உடம்பு அனலாகக் கொதித்து, குழந்தை துவண்டுபோனாலோ, பிதற்றினாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்பவாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடைகளைக் களைந்து, உடம்பெங்கும் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. நினைவு தெளிவாக இல்லாத குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.