ஒரு ஏக்கர் மானாவாரி நிலத்தில் நாட்டுப் பயிர்களை மட்டும் வைத்து, மருந்தடிக்காமல் விவசாயம் செய்ய முடியுமா? என்னென்ன செடி வாங்கி நட வேண்டும்?

முடியும். ஆனால் 'என்னென்ன வாங்கி நட வேண்டும்' என்று கேட்டீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு, தாத்தா நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு ஐப்பசி மழை முடிந்ததும் போய், அங்கே தானாக என்ன முளைக்கிறது என்று முதலில் பாருங்கள்.

எங்களுடையது விருதுநகர் பக்கம் கரிசல் புஞ்சை. கிணறு கிடையாது. புரட்டாசியில் குதிரைவாலி விதைப்போம், ஊடே உளுந்தும் தட்டாம்பயறும். அதலையை யாரும் விதைப்பதில்லை. அதன் கிழங்கு கோடை முழுக்க வெடிப்பு விட்ட மண்ணுக்குள் கிடக்கும்; மழை விழுந்ததும் கொடி ஓடும். காய் கட்டைவிரல் நுனி அளவுதான், வரிவரியாக, பாகற்காய்க்குச் சொந்தம், கசப்பும் அப்படியே. இரு முனையையும் கிள்ளிவிட்டு, சின்ன வெங்காயம் போட்டுக் கடலெண்ணெயில் சுருள வதக்கினால் அன்றைக்கு வேறு குழம்பு வேண்டாம்.

சுற்றுப் புஞ்சைகளெல்லாம் மக்காச்சோளத்துக்கு மாறிவிட்டன. விதைத்த கையோடு களைக்கொல்லி அடிக்கிறார்கள். அதலையோடு தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் சேர்ந்தே போய்விட்டன. நாங்கள் அடிக்கவில்லை. "என்னடா, புஞ்சையைக் காடாப் போட்டு வச்சிருக்க" என்று பெரியப்பா நாலு பேர் நடுவில் கேட்டார். 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்து ஊரே கலங்கி நின்றபோது, எங்கள் வீட்டில் குதிரைவாலியும் பயறும் இருந்தன. பெரியப்பாவைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. (சரி, கொஞ்சம் அதற்கும்தான்.)

உடனே 'இதை வைத்து நாட்டுக்கே சோறு போட முடியுமா' என்று யாரும் கிளம்ப வேண்டாம். நான் ஒரு வீட்டைப் பற்றிப் பேசுகிறேன். லாபம் என்று பெரிதாக எதுவும் கையில் நிற்காது. உரக்கடையில் பாக்கி இல்லை, மழைக்காலத்தில் காய்கறிச் செலவு குறைவு, அவ்வளவுதான். மக்காச்சோளம் போடுகிறவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன்; அவர்களுக்குக் கடன் இருக்கிறது.

விற்பதில்தான் பாடு. அதலையைப் பறித்து ஓரிரு நாள் வைத்தாலே வெடித்துவிடும். காலைச் சந்தைக்குப் போயாக வேண்டும். அம்மாவும் மதினியும் கூடையோடு பஸ் நிறுத்தத்தில் நிற்பார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பெண்கள் மட்டும் நிற்பதைப் பார்த்தால் டிரைவர் வேகத்தைக் கூட்டுகிறார். டிக்கெட்டுக்குக் காசு தராத ஆள் என்றால் ஆள் இல்லையா? கை காட்டிக் காட்டி, கடைசியில் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்த காசில் பாதிக் காய் போய்விடும். புகார் சொன்னால், "எந்த வண்டி, நம்பர் குறிச்சீங்களா" என்று கேட்கிறார்கள். தலையில் கூடையோடு நம்பரை எப்படிக் குறிப்பது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். குதிரைவாலி போடுவதானால், பக்கத்தில் உமி நீக்கித் தரும் மில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லாவிட்டால் தானியம் மூட்டையிலேயே கிடக்கும். நிலம் களைத்திருந்தால் முதல் வருடம் பலதானியம், அதாவது தானியமும் பயறும் எண்ணெய் வித்தும் கலந்து விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். ஆழ உழ வேண்டாம், அதலைக் கிழங்கு இருந்தால் புரண்டு மேலே வந்துவிடும். அறுப்பு முடிந்ததும் ஆட்டுக்கிடை போடுங்கள்; ராத்திரி ஆடுகளை நிலத்திலேயே அடைத்தால் புழுக்கை உரமாகிவிடும். ஆட்டு மந்தை வைத்திருக்கும் கீதாரியிடம் தை மாதமே சொல்லி வையுங்கள். அப்புறம் தேடினால் ஆடு வேறு ஊருக்குப் போயிருக்கும்.